பத்திரிகை, நீதிமன்றம், சட்டமன்றம்: மூன்று வாசல்களிலும் நின்ற பெண்கள்

சுவடித்தேடி:

மார்ச் மாதம் வந்தால் போதும், ‘முதல் பெண் வழக்கறிஞர்’, ‘முதல் பெண் நீதிபதி’, ‘முதல் பெண் அமைச்சர்’ என்று பட்டியல்கள் கிளம்பிவிடுகின்றன. ஒரு பெயர், ஒரு ஆண்டு, மங்கலான ஒரு புகைப்படம். அத்தோடு சரி. பழைய மாதர் இதழ்களைத் தேடிப் படிக்கும் எனக்கு இந்தப் பட்டியல்கள் மீது நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. ஒரே ஆளை மூன்று துண்டாக வெட்டி மூன்று பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் இரண்டு துண்டைத் தொலைத்துவிடுகிறார்கள்.

அன்னா சாண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்த முதல் பெண். பட்டியலில் இருப்பது இவ்வளவுதான். அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1930இல், ‘ஸ்ரீமதி’ என்ற இதழைத் தொடங்கி அதன் ஆசிரியராக இருந்தவர் அவர். அடுத்த ஆண்டு திருவிதாங்கூரின் சட்டமன்றமான ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குப் போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர்களோடு செய்தித்தாள்களும் சேர்ந்துகொண்டு அவரைத் தூற்றின. அந்த முறை தோற்றார். 1932இல் சபைக்குள் போனார். 1937இல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அவரை முன்சீப் ஆக்கினார். இதழாசிரியர், சபை உறுப்பினர், நீதிபதி: எல்லாம் ஒரே பெண், பத்து ஆண்டுகளுக்குள்.

வயலட் ஆல்வாவும் அப்படித்தான். 1944இல் உயர் நீதிமன்ற முழு அமர்வின் முன் வாதாடியவர். ‘பேகம்’ என்ற மாதர் இதழை நடத்தியவர். பின்னர் 1962இலிருந்து 1969வரை மாநிலங்களவைத் துணைத் தலைவர். துர்காபாய் தேஷ்முக் சென்னையில் சட்டம் படித்து, ‘ஆந்திர மகிளா’ இதழை நடத்தி, அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வழக்கறிஞர் அல்லர், மருத்துவர். ஆனால் 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவராகச் சட்டம் செய்யும் இடத்தில் இருந்தார். 1930களில் இந்திய மாதர் சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மம்’ இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

என் கட்சி இதுதான்: இவர்களுக்குப் பத்திரிகை பக்கத்தொழிலாக இருக்கவில்லை. மன்றத்தில் பேச இடம் கிடைக்கும் முன்பே பேசிப் பழக ஓர் இடம் வேண்டியிருந்தது. அதைத் தாங்களே அச்சடித்துக்கொண்டார்கள். இந்தக் கோணத்தில் உங்களுக்கு நினைவுக்கு வருகிறவர்களைச் சொல்லுங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டாம்.

வழக்காடி:

நல்ல தொடக்கம். நீதிமன்றப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே கதவு எப்படித் திறந்தது என்பது பலருக்கும் தெரியாது.

ரெஜினா குஹா என்ற பெயரைச் சட்டக் கல்லூரியில்கூட அதிகம் சொல்வதில்லை. சட்டப் பட்டம் பெற்றுவிட்டு, அலிப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் பிளீடராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். விஷயம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போய், 1916இல் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள். 1879ஆம் ஆண்டின் சட்டத்தில் ‘நபர்’ என்றுதானே இருக்கிறது, பெண் நபர் இல்லையா என்பது கேள்வி. ஆண்பாலில் எழுதியது பெண்ணுக்கும் பொருந்தும் என்று சொல்லும் பொதுச் சட்டமும் அப்போது இருந்தது. ஐவரும் ‘இல்லை’ என்றார்கள். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கு அவர் பெண் என்று தெரிந்திருந்தது. தொழில் செய்ய அனுமதி கேட்டபோதுதான் அது தடையாகிவிட்டது.

1921இல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கார்னீலியா சோராப்ஜியை வக்கீலாகச் சேர்த்துக்கொண்டது. ஒரே நாடு, ஒரே சட்டம், இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு பதில்கள். இந்தக் குளறுபடியை இனியும் வைத்திருக்க முடியாது என்ற நிலையில்தான் 1923இல் தனிச் சட்டம் வந்தது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கறிஞர் தொழிலிலிருந்து விலக்கக்கூடாது என்பது அதன் சாரம். அதாவது தோற்ற இரண்டு பெண்களின் வழக்குகள்தான் அடுத்து வந்த எல்லாரையும் உள்ளே விட்டன. ‘முதல்’ பட்டியலில் தோற்றவர்களுக்கு இடமே இல்லை.

சென்னையில் ஆனந்தாபாய் 1929இல் பதிவு செய்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பத்மினி ஜேசுதுரை வந்தது 1986இல். பட்டியல் போடுகிறவர்கள் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நடுவில் ஐம்பத்தேழு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஐம்பத்தேழு ஆண்டுகளில் கவுன் போட்டுக்கொண்டு வந்த பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சீனியரின் சேம்பரில் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் பாதிப் பதில். நான் ஜூனியராகச் சேர்ந்த காலத்தில்கூட, ‘கிரிமினல் பக்கம் வேண்டாம் அம்மா, குடும்ப வழக்கு பாருங்கள்’ என்று அன்போடு சொன்ன சீனியர்கள் உண்டு. அன்போடு சொல்வதால் மறுத்துப் பேசவும் முடியாது.

கரிசல்காட்டான்:

சுவடித்தேடி ஐயா, உங்கள் வரிசையைப் பார்த்தேன். திவானுக்குத் தெரிந்த குடும்பம், பாரிஸ்டர் வீடு, பட்டம் பெற்ற பெண்கள். இவர்கள் சாதித்ததை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த விஷயத்தைப் பேசும்போது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் முதல் பதிவில் வராமல் போனது எப்படி?

அவர் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. தேவதாசி மரபில் தள்ளப்பட்டு, அதிலிருந்து தானே வெளியேறி, மற்றவர்களையும் வெளியே இழுத்தவர். பெரியாரோடு காங்கிரசை விட்டு வெளியேறியவர். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். 1938இல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே போனதே, அதில் நடந்தவர், சிறையும் போனார். எழுத்து, மேடை, போராட்டம் மூன்றும் இருக்கிறது. வக்கீல் கவுன் மட்டும்தான் இல்லை.

இன்னொரு பெயர் சத்தியவாணி முத்து. ‘அன்னை’ இதழின் ஆசிரியர். 1957இல் பெரம்பூரில் வென்று சட்டமன்றம் போனவர். 1967இல் அண்ணா அமைச்சரவையில் அமைச்சர். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கட்சியில் உரிய இடம் கிடைக்கவில்லை என்று 1974இல் வெளியே வந்து தனிக்கட்சியே தொடங்கினார். 1979இல் ஒன்றிய அமைச்சரும் ஆனார். இவரைப் பற்றி எத்தனை பேர் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள்? அமைச்சராக இருக்கும்போதே கட்சியோடு முரண்படுகிற துணிச்சல் ஆண்களிலேயே எத்தனை பேருக்கு இருந்தது?

சட்டமாணவி:

எல்லாருக்கும் வணக்கம். நான் மூன்றாம் ஆண்டு சட்டம் படிக்கிறேன். வழக்காடி அக்கா சொன்ன ரெஜினா குஹா தீர்ப்பை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். கார்னீலியா சோராப்ஜி எனக்கு மிகவும் பிடித்தவர். 1892இல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதியும், பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை என்பதால் முப்பது ஆண்டுகள் கழித்து 1922இல்தான் பட்டம் வாங்கினார். ஆனால் அவரைப் பற்றி வகுப்பில் பேசியபோது ஒரு தோழி, ‘அவர் பிரிட்டிஷ் ஆதரவாளர், கொண்டாடக்கூடாது’ என்று சொல்லிவிட்டாள். என்ன பதில் சொல்வது?

கரிசல்காட்டான்:

தோழி சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். 1927இல் அமெரிக்க எழுத்தாளர் காத்தரின் மேயோ இந்தியாவை இழிவுபடுத்தி எழுதிய புத்தகத்துக்குத் துணை நின்றவர் சோராப்ஜி. காந்தியை எதிர்த்தார். சுயராஜ்யம் வேண்டாம் என்றார்.

வழக்காடி:

கரிசல் ஐயா, அவ்வளவு சுருக்கமாக முடித்துவிட முடியாது.

அவர் செய்த வேலை என்ன என்று பாருங்கள். ஜமீன் குடும்பங்களில் விதவைகளும் பெண் வாரிசுகளும் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். அந்நிய ஆணின் முகத்தைப் பார்க்கக்கூடாது. சொத்து அவர்கள் பேரில் இருக்கும். வக்கீலைச் சந்திக்க முடியாது. காரியஸ்தர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியதுதான். இந்தப் பெண்களிடம் போய்ப் பேச ஒரு பெண் வேண்டும் என்று அரசிடம் விடாமல் மனுப் போட்டு, 1904இல் வங்காளத்தில் மைனர் எஸ்டேட்டுகளை மேற்பார்க்கும் துறையில் உதவி அதிகாரியாக நுழைந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படகிலும் பல்லக்கிலும் போய் அந்த அந்தப்புரங்களில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தார்.

மேயோ விஷயத்தில் அவர் நின்ற இடம் தவறு என்பதே என் கருத்தும். அதற்கு அவர் விலையும் கொடுத்தார். இந்திய மாதர் இயக்கங்கள் அவரைக் கைவிட்டன. மாணவி அம்மா, உங்கள் தோழியிடம் இரண்டையும் சொல்லுங்கள். ஒரு வக்கீலுக்குத் தன் கட்சிக்காரரின் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும்.

பனையோலை:

யாழ்ப்பாணத்துக்காரன் எழுதுகிறேன். இந்த இழையில் கடல் தாண்டி ஒருவரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

1923இல் யாழ்ப்பாணத்தில் மங்களம்மாள் மாசிலாமணி ‘தமிழ் மகள்’ என்ற இதழைத் தொடங்கினார். பெண் உரிமையை இதழின் முகப்பிலேயே வைத்துப் பேசியவர். இலங்கையில் 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாளில். இந்தியப் பெண்கள் அதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வாக்குரிமையின் முதல் பலன்களில் ஒருவர் நேசம் சரவணமுத்து. 1932இல் வடகொழும்பு இடைத்தேர்தலில் வென்று, இலங்கையின் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போன முதல் தமிழ்ப் பெண். ஆனால் அந்த இடம் காலியானது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் டாக்டர் சரவணமுத்து வென்ற இடம் அது, தேர்தல் வழக்கில் அவர் பதவி இழந்தார், மனைவி நின்றார். சபையின் முதல் பெண் அடலின் மொலமூரே 1931இல் தகப்பனார் இறந்த இடத்தில் நின்று வென்றவர். அதனால் ‘குடும்பத்துக்காக வைத்த பொம்மை’ என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். 1936 பொதுத்தேர்தலில் நேசம் மறுபடியும் நின்று வென்றதை மட்டும் சொல்வதில்லை.

என் மனத்துக்கு நெருக்கமானவர் வேறு ஒருவர்: மீனாட்சியம்மாள் நடேசய்யர். கணவர் கோ. நடேசய்யரோடு சேர்ந்து ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தினார். மலையகத் தோட்டத் தொழிலாளரில் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பத்திரிகையில் எழுதினால் யாரைச் சென்று சேரும்? அதனால் தொழிலாளர்கள் கூடும் இடத்துக்குப் போய்ப் பாடினார். முதலில் பாரதி பாட்டு, பிறகு தானே எழுதிய பாட்டு. இந்தியத் தொழிலாளரை வெளியேற்றும் பேச்சு வலுத்த நேரத்தில், 1940இல் அந்தப் பாடல்களை ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று அச்சில் கொண்டுவந்தார். தலையங்கத்தில் எழுத வேண்டியதை மெட்டுக் கட்டிப் பாடிய பெண்ணைப் பத்திரிகையாளர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

நான்காம்பக்கம்:

ஓய்வு பெற்ற உதவி ஆசிரியர் நான். பனையோலை எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தமிழில் பெண்களுக்கான இதழ்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டன. ஆனால் பெரும்பாலும் நடத்தியவர்கள் ஆண்கள். 1905இல் வந்த மாதர் இதழான ‘சக்கரவர்த்தினி’க்கு பாரதியார்தான் ஆசிரியர். நல்ல எண்ணத்தோடு நடத்தினார், சந்தேகமில்லை. ஆனாலும் பெண்ணுக்கு என்ன தேவை என்று ஆண் சொல்வதுதான் அங்கே நடந்தது. சென்னையில் கமலா சத்தியநாதன் 1901இல் ஆங்கிலத்தில் தொடங்கிய மாதர் இதழ் அந்த வழக்கத்தை உடைத்தது. வங்காளத்து ரொக்கேயா எழுதிய, ஆண்கள் வீட்டுக்குள்ளும் பெண்கள் ஆட்சியிலும் இருக்கும் கற்பனை நாட்டுக் கதை, ‘சுல்தானாவின் கனவு’, 1905இல் முதன்முதலில் அச்சானது அந்தச் சென்னை இதழில்தான். இதைச் சென்னைக்காரர்களே சொல்லிக்கொள்வதில்லை.

அடுத்து வை.மு. கோதைநாயகி அம்மாள். பள்ளிக்கூடம் போகாதவர், சிறுவயதில் மணமானவர். 1925இல் ‘ஜகன்மோகினி’யைக் கையில் எடுத்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள். மேடைப் பேச்சாளர், பாடகர், காங்கிரஸ்காரர், சிறைக்குப் போனவர். இலக்கிய விமர்சகர்கள் அவரை ‘வெகுஜன எழுத்து’ என்று ஒதுக்கினார்கள். எனக்கு அவருடைய நாவல்களைவிட அந்த இதழ் நடத்திய விதம்தான் பெரிது. காகிதம் வாங்குவது, அச்சுக்கூடம், சந்தா வசூல், தபாலில் அனுப்புவது, பாக்கி வைத்த ஏஜென்ட்டுக்குக் கடிதம் போடுவது: பத்திரிகை நடத்தியவர்களுக்குத் தெரியும், எழுதுவது அதில் சிறிய பகுதி. உலகப் போர்க் காலத்துக் காகிதப் பஞ்சம் எத்தனையோ இதழ்களைக் கொன்றது. அதையும் தாண்டி நின்றது ஜகன்மோகினி.

இதெல்லாம் பெண்கள் சொந்தமாக நடத்திய இதழ்களின் கதை. பெரிய நாளிதழ்களின் செய்தி மேசைக்குப் பெண் வர அதற்குப் பிறகும் பல காலம் ஆயிற்று. நான் வேலை பார்த்த ஒரு நாளிதழில், திறமையான ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டு, நைட் ஷிப்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள். நாளிதழில் முதல் பக்கம் உருவாவது இரவில். இரவில் மேசையில் இல்லாதவருக்கு முதல் பக்கமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. அவர் கடைசிவரை கோலப் போட்டி முடிவுகளுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போக ஒரு வண்டி ஏற்பாடு செய்திருந்தால் போதும். அது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் வாய் திறக்கத் தோன்றவில்லை.

சுவடித்தேடி:

நான்காம்பக்கம் ஐயா, ஜகன்மோகினியின் சந்தா பாக்கி வரைக்கும் போனீர்களே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கரிசல் ஐயாவுக்கு: முத்துலட்சுமி ரெட்டியையும் மூவலூர் அம்மையாரையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை என்று நினைக்கிறேன். முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாளும் தேவதாசி மரபில் வந்தவர்தான். புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் மகாராஜா தலையிட்டுத்தான் முத்துலட்சுமிக்கு இடம் கிடைத்தது. அவர் மேலவையில் செய்ததைக் கவனித்தால் ஒரு சட்டக்காரரின் மூளை தெரியும். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்வதற்கு முன்னால், அந்தப் பெண்களின் வயிற்றில் அடிக்காத வழியைத் தேடினார். கோயில் ஊழியத்துக்காக அனுபவித்த இனாம் நிலம், ஊழியத்தை விட்டால் போய்விடும். அந்தப் பயத்தில்தான் பல குடும்பங்கள் அடுத்த தலைமுறைக்கும் பொட்டுக் கட்டின. 1929இல் அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே என்று ஆக்கினார். முதலில் நிலம், பிறகு தடை. உப்புப் போராட்டத்தில் காந்தி கைதானபோது 1930இல் பதவியைத் தூக்கி எறிந்தார். முழுத் தடைச் சட்டம் வந்தது 1947இல்.

அந்தப் பதினேழு ஆண்டுகள் விஷயம் செத்துப்போகாமல் இருந்ததற்கு இரண்டு பேர் எழுதிக்கொண்டே இருந்தது காரணம். ஒருவர் ஸ்திரீ தர்மத்தில். இன்னொருவர் நீங்கள் சொன்ன மூவலூர் அம்மையார்.

கரிசல்காட்டான்:

இதை ஒப்புக்கொள்கிறேன், பாதி. மீதிப் பாதி: அந்தச் சட்டத்தைத் தேவதாசிகளிலேயே பலர் எதிர்த்தார்கள். சென்னையில் கூடி அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். எங்களுக்குச் சொத்துரிமை உண்டு, கலை உண்டு, கல்வி உண்டு, எங்களைக் கேட்காமல் எங்களுக்காகச் சட்டம் செய்யாதீர்கள் என்பது அவர்கள் வாதம். மூவலூர் அம்மையாரும் அதே மரபிலிருந்து வந்து நேர்மாறாகச் சொன்னார். எனக்கு மூவலூர் அம்மையார் பக்கம்தான் நியாயம். ஆனால் நாகரத்தினம்மாளும் முன்னோடிப் பெண் இல்லையா? 1910இல் தெலுங்குப் பெண் கவிஞர் முத்துப்பழனியின் காவியத்தைப் பதிப்பித்து அரசின் தடையை வாங்கிக்கொண்டவர் அவர். முன்னோடிகள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்ற படம் பொய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்திரிகை நடத்திய பெண்கள் என்று பேசும்போது ஈ.வெ.ரா. கண்ணம்மாளை விட்டுவிட்டோம். பெரியாரின் தங்கை. 1933இல் ‘குடி அரசு’ எழுதிய ‘இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்?’ தலையங்கத்துக்காக வழக்கு வந்தபோது, வெளியீட்டாளர் என்ற முறையில் அண்ணனோடு அவரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார், தண்டனையும் பெற்றார்.

சட்டமாணவி:

தாத்தா, கண்ணம்மாள் அந்தத் தலையங்கத்தை எழுதினாரா?

கரிசல்காட்டான்:

எழுதியது பெரியார், பேத்தி. கூண்டில் நின்றது இருவரும்.

வழக்காடி:

இது முக்கியமான இடம். 1867ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டப்படி, ஒவ்வொரு பத்திரிகைக்கும் அச்சிடுபவர், வெளியிடுபவர் யார் என்று மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. வழக்கு வந்தால் போலீஸ் முதலில் தேடியது அந்தப் பெயர்களைத்தான். ‘பெயருக்குத்தான் அந்த அம்மா’ என்று இன்று இளக்காரமாகச் சொல்கிறோம். சிறை பெயருக்கு இல்லை. எழுதாத எழுத்துக்குப் பொறுப்பேற்று உள்ளே போவதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும். வரலாற்றில் இவர்களை எந்த வரிசையில் வைப்பது என்று யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை.

அதேபோல்தான் பனையோலை சொன்ன ‘கணவர் இடத்தில் நின்றவர்’ விஷயமும். நின்றதை மட்டும் பார்க்காமல், உட்கார்ந்த பிறகு என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

சட்டப் பக்கத்தில் ஒரே ஒரு அண்மைக்கால உதாரணம். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த பிரபா ஸ்ரீதேவன் 2009இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் தீர்ப்பெழுதினார். இறந்தவர் இல்லத்தரசி. சம்பளம் இல்லாதவருக்கு வருமானம் எவ்வளவு என்று கணக்கிடுவது? சமையல், பிள்ளை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு என்று வீட்டு உழைப்பை எடுத்துவைத்து, அதற்கு மதிப்பு உண்டு, அதைக் குறைத்துப் போடக்கூடாது என்று விரிவாக எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் தமிழ் எழுத்தாளர் சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அந்தத் தீர்ப்பையும் சூடாமணியின் கதைகளையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது.

மாணவி அம்மா, பாத்திமா பீவியையும் படியுங்கள். 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. அன்னா சாண்டியின் வளர்ச்சியைப் பார்த்துத்தான் அவருடைய தகப்பனார் மகளைச் சட்டம் படிக்கச் சொன்னார். பத்தனம்திட்டையில் ஒரு தகப்பனுக்குத் திருவனந்தபுரத்து அன்னா சாண்டியைத் தெரிந்திருந்தது.

பனையோலை:

வழக்காடி அக்கா, ‘உட்கார்ந்த பிறகு என்ன செய்தார்கள்’ என்ற கேள்வியை ஆண் உறுப்பினர்களிடம் எப்போதாவது கேட்கிறோமா? தகப்பன் இடத்தில் நின்ற மகன்களுக்கு எங்கள் நாட்டிலும் உங்கள் நாட்டிலும் பஞ்சமில்லை. அவர்களை யாரும் பொம்மை என்பதில்லை, வாரிசு என்கிறார்கள்.

வழக்காடி:

கேட்க வேண்டும், தம்பி. இருவரிடமும்.

நான்காம்பக்கம்:

அரசியல் பக்கத்தில் ருக்மிணி லட்சுமிபதியை யாரும் சொல்லவில்லையே. 1930இல் வேதாரண்யம் உப்புப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1937இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணை சபாநாயகர். 1946இல் பிரகாசம் அமைச்சரவையில் சுகாதார அமைச்சர். சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர். எழும்பூரில் மார்ஷல்ஸ் சாலைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எத்தனை ஆட்டோக்காரர்களுக்கு மார்ஷல்ஸ் ரோடு என்றால்தான் தெரிகிறது!

காமராசர் அமைச்சரவையில் 1957இலிருந்து 1962வரை உள்ளாட்சியும் மீன்வளமும் பார்த்த லூர்தம்மாள் சைமன் இன்னொருவர். குளச்சல் தொகுதி. கடற்கரை மக்களுக்கு அவர் பெயர் நினைவிருக்கிறது, பத்திரிகைகளுக்குத்தான் இல்லை. ஒரு காலத்தில் பத்திரிகையில் இருந்தவன் என்ற முறையில் அதற்கு எனக்கும் பங்கு உண்டு என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

சட்டமாணவி:

எங்கள் கல்லூரி மாதிரி நீதிமன்றப் போட்டியில் இந்த முறை பழைய தீர்ப்பு ஒன்றை மறுவாதம் செய்ய வேண்டும். ரெஜினா குஹா வழக்கை எடுக்கப் போகிறேன். ஆனால் நான் ரெஜினா பக்கம் வாதாடவில்லை. அந்தப் பக்கம் தோழிக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்து நீதிபதிகள் தங்களுக்குள் என்ன சொல்லி இதைச் சரி என்று நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, அக்கா?

வழக்காடி:

துணிச்சலான முடிவு. தீர்ப்பின் முழு வாசகத்தை எடுங்கள், சுருக்கத்தை நம்பாதீர்கள். ‘இது வரை நடந்ததில்லை, ஆகவே சட்டம் இதை எண்ணியிருக்காது’ என்பதுதான் அவர்களுடைய அடிநாதம். அதற்கு இங்கிலாந்து நீதிமன்றங்களின் பழைய தீர்ப்புகளைத் துணைக்கு அழைத்தார்கள். எதிர்க்கட்சியாக நின்று அதைப் படித்தால் அந்த வாதம் எங்கே ஒடிகிறது என்று உங்களுக்கே பிடிபடும். சந்தேகம் வந்தால் இங்கேயே எழுதுங்கள்.

சுவடித்தேடி:

இழை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது; ஒரு காரியமும் செய்யலாம் என்று தோன்றுகிறது. பழைய தமிழ் மாதர் இதழ்கள் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நிறைய இருக்கின்றன. ஈழத்து இதழ்களுக்கு நூலகம் திட்டத்தின் இணையச் சேமிப்பு உண்டு. நான் ஸ்திரீ தர்மத்தில் முத்துலட்சுமி எழுதிய தலையங்கங்களைத் தேதி வாரியாகக் குறித்துக்கொண்டு வருகிறேன். பனையோலை ‘தமிழ் மகள்’ பக்கம் பார்க்க முடியுமா? யார் வீட்டுப் பரணிலாவது ஜகன்மோகினியோ ‘அன்னை’யோ கட்டாகக் கிடந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் தயவுசெய்து இங்கே சொல்லுங்கள்.

பனையோலை:

பார்க்கிறேன். தேசபக்தனையும் சேர்த்துக்கொள்கிறேன்.

கரிசல்காட்டான்:

‘அன்னை’ இதழ்கள் வட சென்னையில் பழைய கட்சிக்காரர்கள் சிலர் வீட்டில் இருக்கக்கூடும். பெரம்பூர்ப் பக்கம் போய்க் கேட்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை, சுவடித்தேடி ஐயா. அடுத்த இழையை நான் தொடங்குவேன். முதல் வரியில் சத்தியவாணி முத்து இருப்பார்.